கொட்டையோட முழுங்குன ஞானம்

ஏலே பேராண்டி, இங்க வா. அந்தப் போனைக் கொஞ்சம் கீழ வை. கீழன்னா மடியில இல்ல, திண்ணையில. ஆங், அப்படி.

வெள்ளன அஞ்சரை மணிக்கு ஒரு ஸ்டேட்டஸ் போட்டிருக்க. பாத்தேன். கண்ணு மங்கல்தான். ஆனா பல்லு விளக்குறதுக்கு முந்தியே ஊருக்குப் புத்தி சொல்லுத ஆளை எனக்கு இருட்டுலயும் அடையாளம் தெரியும். ஒரு மலை, மலைக்குப் பின்னால சூரியன், ஓரத்துல ரெண்டு மூங்கில். அதுக்கு மேல, ‘சீன ஞானம்: பேரீச்சம்பழத்தை முழுதாக விழுங்காதே.’ அடியில கும்புடுத கை. நாப்பத்தேழு பேர் பாத்தாகன்னு உங்க ஆத்தாகிட்ட கணக்கு ஒப்பிச்சுக்கிட்டு இருந்த.

சரி, கேக்குதேன். பேரீச்சம்பழத்தை எவன்லே முழுசா முழுங்குவான்? அது என்ன காய்ச்சல் மாத்திரையா?

“அது உவமை தாத்தா. யோசிக்காம எதையும் ஏத்துக்கிடாதேன்னு அர்த்தம்”ங்க. அர்த்தம் கெடக்கட்டும். இதை எங்க இருந்து எடுத்த? இங்கிலீஷ்ல கெடந்துச்சு, ஆப்புல குடுத்தேன், தமிழா வந்து விழுந்துச்சு, எடுத்துப் போட்டேன். அம்புட்டுத்தானே? இத்தனைக்கும் நடுவுல உன் பல்லு எங்கயாவது பட்டுச்சா?

அந்தப் பழம் பேரீச்சை இல்லலே கோட்டிக்காரா. இலந்தை.

சீனத்துல அந்தச் சொலவடை நாலே எழுத்து. ஹூ லுன் துன் சாவ். நாலெழுத்துல சொலவடை கட்டுறது அவுகளுக்கு வழக்கம், செங்யுன்னு பேரு. ஹூலுன்னா முழுசா, அப்படியே. துன்னா முழுங்குறது. சாவ்னா இலந்தை. எழுதிப் பாத்தாலே சிரிப்பு வரும். ஹூவும் சரி, லுன்னும் சரி, நாலு பக்கமும் சுவர் அடைச்ச பெட்டி. உள்ள ஒரு சின்ன எழுத்து மாட்டிக்கிட்டு முழிக்கும். வயித்துக்குள்ள போன பழம் மாதிரியே.

நம்ம ஓடைக்கரையில முள்ளோட நிக்குதே இலந்தை, அதுக்குப் பங்காளி இது. செடிகொடி படிச்சவுக ரெண்டையும் ஸிஸிஃபஸ்னு ஒரே வீட்டுப் பேர்லதான் எழுதுவாக. நம்மது மாரிஷியானா, அவுகளது ஜுஜுபா. அவுகளது பச்சையாத் தின்னா ஆப்பிள் மாதிரி நறுக்குன்னு இருக்கும். காயப்போட்டா சிவந்து சுருங்கிப் போகும். வெள்ளக்காரன் அந்தக் காஞ்ச பழத்தைப் பாத்தான். பேரீச்சை ஞாபகம் வந்துச்சு போல, ‘ரெட் டேட்’னு பேர் வச்சுட்டான். சீனத்துக்காரன் மட்டும் லேசுப்பட்டவனா? நெசமான பேரீச்சம்பழம் அவன் ஊருக்கு வந்தப்ப, அதுக்குக் ‘கடல் இலந்தை’ன்னும் ‘தேங்காய் இலந்தை’ன்னும் பேர் வச்சான். அவன் பழத்துக்கு இவன் இவனோட பேரை வைக்க, இவன் பழத்துக்கு அவன் அவனோட பேரை வைக்க, நடுவுல நீ வந்து மாட்டிக்கிட்ட.

“ஏதோ ஒரு பழம், அதுல என்ன இருக்கு”ங்க. இருக்குலே. பழம் மாறுனா சொலவடையில பாதி போச்சு.

இலந்தை எப்படித் திங்கணும்னு உனக்குத் தெரியுமா? கடையில பாக்கெட்டுல விக்குத இலந்தவடையைச் சொல்லல. மரத்துப் பழம். மொதல்ல கையில உருட்டிப் பாக்கணும். ஊசி குத்துன மாதிரி ஓட்டை இருந்தா உள்ள ஒருத்தன் குடியிருக்கான்னு அர்த்தம், தூரப் போடு. ஓட்டை இல்லன்னா முன்பல்லை வச்சு லேசாக் கீறு. தோல் மேலண்ணத்துல போய் ஒட்டும். சதை கொழகொழன்னு, மொதல்ல புளிப்பா, பொறவு இனிப்பா வரும். கொட்டையை நாக்கால சுத்திச் சுத்தி வழிக்கணும். கன்னம் ஒரு பக்கம் உப்பி இருக்கும். வாத்தியார் கேள்வி கேட்டா பதில் வராது. ஒத்தைப் பழத்துக்கு அஞ்சு நிமிசம் ஆகும். அதுக்கப்புறம் கொட்டையைத் துப்பலாம். துப்ப மனசு வரலன்னா கல்லு மேல வச்சு உடைச்சா உள்ள தட்டையா ஒரு பருப்பு.

நம்ம கொட்டை உருண்டை. ஒண்ணு ரெண்டு தப்பி உள்ள போனாலும் அது பாட்டுக்கு வழி பாத்துப் போயிரும். சீனத்து இலந்தைக் கொட்டை அப்படி இல்ல. தறி நாடா பாத்திருக்கியா? ரெண்டு முனையும் கூரா இருக்குமே, அந்தச் சாடை. வடக்குச் சீனத்துல டிராகன் படகுத் திருவிழா வந்தா, பசையரிசிக்கு நடுவுல இலந்தையை வச்சு, இலையில பொட்டணம் கட்டி அவிச்சுத் திம்பாக. அவசரமாத் திங்கிறவன் கொட்டையோட உள்ள விட்டான்னா தொண்டையில குறுக்க நிக்கும். குடலைக் குத்தி ஓட்டை போட்டதும் உண்டு. குழாய் விட்டு அந்தக் கொட்டையை எடுத்த கதையை அங்க டாக்டர்மார் கட்டுரை கட்டுரையா எழுதி வச்சிருக்காக. ஆக, இலந்தையை முழுசா முழுங்குறது வெறும் உவமை இல்லலே. ஆஸ்பத்திரிச் சமாச்சாரம்.

இப்ப கதைக்கு வாரேன். நீ கதையைப் போடல, ‘ஞானத்தை’ மட்டும் போட்டிருக்க. சதையைத் தள்ளிட்டுக் கொட்டையை மட்டும் முழுங்கியிருக்க.

பாய் திங்னு ஒருத்தர் இருந்தாரு. ஹாங்சோ ஊர்க்காரர், காலம் 1248-லேர்ந்து 1328 வரைக்கும். கண்டது கேட்டதை எல்லாம் குறிச்சு வச்சு ஒரு புத்தகம் பண்ணுனாரு. அதுல ஒரு துணுக்கு. விருந்தாளி ஒருத்தர் பேச்சோட பேச்சா ஒரு வைத்தியம் சொல்லுதாரு. பேரிக்காய் பல்லுக்கு நல்லது, மண்ணீரலுக்கு ஆகாது. இலந்தை மண்ணீரலுக்கு நல்லது, பல்லுக்கு ஆகாது. பக்கத்துல ஒரு மக்குச் சீடன். கேட்டுட்டு ரொம்ப நேரம் யோசிச்சான். யோசிச்சுட்டுச் சொன்னானாம்: எனக்கு வழி கெடச்சிருச்சு, இனிமே பேரிக்காயை மென்னுட்டு முழுங்காமத் துப்பிருவேன், இலந்தையை மெல்லாம அப்படியே முழுங்கிருவேன். அங்க இருந்த ஒரு குசும்பன், ‘நீ நெசமாவே இலந்தையை முழுசா முழுங்குன ஆளுதாம்பா’ன்னான். கூட இருந்தவுக உருண்டு உருண்டு சிரிச்சாகளாம்.

இலந்தை தின்னா பல்லு கெடும்ங்கிற பேச்சு அன்னைக்குக் கிளம்புனது இல்ல, கேட்டியா. அதுக்கு ஆயிரம் வருசத்துக்கு முன்னாலயே, மூணாம் நூத்தாண்டுல, சீ காங்னு ஒரு படிச்ச மனுசன் உடம்பைப் பேணுறதப் பத்தி எழுதும்போது ஜின் தேசத்துக்காரன் பல்லு மஞ்சளா இருக்கும்னு போற போக்குல ஒரு குத்துக் குத்திட்டுப் போயிருக்காரு. இலந்தையத் தின்னு தின்னுதான் அப்படி ஆச்சுன்னு உரை எழுதுனவுக சொல்லுவாக.

சரி, அந்தச் சீடன் விசயத்துக்கு வருவோம். நீ என்ன அர்த்தம் சொன்ன? ‘யோசிக்காம எதையும் ஏத்துக்கிடாதே.’ அவன் சிந்திக்கலன்னு யாருலே சொன்னது? ரொம்ப நேரம் யோசிச்சான்னுதான கதை சொல்லுது! யோசிச்சு யோசிச்சுத்தான் அந்தக் குழிக்குள்ள விழுந்திருக்கான். பல்லுக்கு ஒரு கணக்கு, மண்ணீரலுக்கு ஒரு கணக்கு. ரெண்டும் நேராயிருச்சு. வாய்னு ஒண்ணு இருக்கே, நாக்குன்னு ஒண்ணு இருக்கே, பழம் எதுக்குத் திங்கிறோம்? அதுக்கு மட்டும் அவன் கணக்குல எடமில்ல.

உன் சேக்காளி ஒருத்தன் வந்தானே போன மாசம், கைக்கடிகாரத்துல எத்தனை எட்டு நடந்தோம்னு பாத்துக்கிட்டே சாப்புட்டவன். முட்டையில மஞ்சள் ஆகாது, எடுத்து வச்சான். தோசையில எண்ணெய் ஆகாது, காகிதத்தால ஒத்தி எடுத்தான். சட்டினியில தேங்காய் ஆகாது, ஒதுக்குனான். உங்க ஆச்சி அடுப்படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. ‘ஏய்யா, அந்தத் தட்டையாவது திங்கலாமா, அதுவும் ஆகாதா’ன்னு கேட்டா. அவன் யோசிக்காதவனா? நம்ம தெருவுலயே அம்புட்டு யோசிக்கிறவன் அவன் ஒருத்தன்தான்.

இன்னொரு சங்கதி. எல்லாரும் என்ன எழுதுதாக? அந்தச் சீடன் கதையில இருந்துதான் சொலவடை பொறந்துச்சாம். கொஞ்சம் மென்னு பாரு. குசும்பன் அந்தச் சொல்லைச் சொன்னதும் எல்லாரும் சிரிச்சாகன்னா, அது எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிஞ்ச சொல்லாத்தான இருக்கணும்? தெரியாத சொல்லுக்கு எவன் சிரிப்பான்? சீடன் பொறக்கிறதுக்கு முந்தியே சொலவடை நடமாடிக்கிட்டு இருந்திருக்கு. இவன் வந்து அதுக்கு உடம்பு குடுத்தான், அம்புட்டுத்தான். மகனைக் கொண்டாந்து அப்பன் எடத்துல உக்கார வச்சுட்டு, ‘தோற்றம்’னு தலைப்புப் போட்டாச்சு.

நெசமாவே அது மூத்ததுதான். யுவான்வு கச்சின்னு ஒரு சாமியார், 1063-ல பொறந்து 1135-ல போனவரு. சான் பௌத்தம், ஜப்பான்காரன் ஜென்ங்கானே, அது. உடனே போதிதர்மர் நம்மாளுன்னு ஆரம்பிக்காத, அதையும் மென்னுட்டு வா, பொறவு பேசிக்கிடலாம். இந்தச் சாமியார் பழைய குருமாருகளோட கேள்வி பதிலை எடுத்து வச்சு விளக்கம் சொன்னாரு. அது ‘நீலப்பாறை ஏடு’ன்னு புத்தகமாச்சு. அதுல மூணாவது சுருள்ல இந்தப் பேச்சு வருது. வெவரம் தெரிஞ்சவன் குருவோட சொல்லை நல்லா மென்னு முழுங்குவானாம், தெரியாதவன் முழு இலந்தையை முழுங்குன கதையா நிப்பானாம். பாய் திங் பொறக்க நூறு வருசத்துக்கு மேல கெடக்கு அப்போ.

அந்தப் புத்தகத்துக்கு என்ன ஆச்சு தெரியுமா? சீடப்பிள்ளைக அதை வரி வரியா மனப்பாடம் பண்ணிட்டானுக! குரு கேள்வி கேட்டா போதும், நீலப்பாறையில இருந்து ஒரு வரி டக்குன்னு வந்து விழும். உள்ள ஒண்ணும் இருக்காது. யுவான்வுக்குச் சொந்தச் சீடர் தாஹுய்னு ஒருத்தர், பெரிய ஆளு. அவரு பாத்தாரு. இது விளங்காதுன்னு புத்தகத்தோட அச்சுப் பலகையையே தூக்கித் தீயில போட்டுட்டாருன்னு சொல்லி வச்சிருக்காக. மெல்லாம முழுங்காதீகன்னு சொன்ன புத்தகத்தையே மெல்லாம முழுங்குனா அவருதான் என்ன செய்வாரு? ஆனா முழுங்குறவன் விடுவானா? 1300 வாக்குல ஒருத்தர் தப்பிப் பொழைச்ச பிரதிகளைத் தேடி எடுத்துத் திரும்ப அச்சடிச்சுட்டாரு.

இதைவிடப் பெரிய கூத்து ஒண்ணு இருக்கு. ஜூ ஷின்னு ஒரு பெரிய வாத்தியார். 1130-லேர்ந்து 1200 வரைக்கும் இருந்தவரு. கன்ஃபூசியஸ் வழிக்கு மறுபடி உயிர் குடுத்தவருன்னு சொல்லுவாக. அவரு ஒரு சீடனுக்கு எழுதுன கடுதாசியில இதே இலந்தை வருது. என்ன கோவம்னா, இந்தப் பயலுக எடுத்த எடுப்புலயே வேரும் நுனியும் ஒண்ணுதான், மேலோட்டமும் ஆழமும் ஒண்ணுதான்னு சொல்லிருதானுக, இதுதான் இலந்தையை முழுசா முழுங்குறதுன்னு திட்டுதாரு. நீகூட அன்னைக்கு டீக்கடையில சொன்னியே, ‘எல்லாத் தத்துவமும் கடைசியில ஒண்ணுதான்’னு. எத்தனை தத்துவம்லே படிச்சுட்டு அந்த முடிவுக்கு வந்த?

பாடம் படிக்கிறதைப் பழம் திங்கிறதோட சேத்துப் பேசுறது ஜூ ஷிக்கு ரொம்பப் பிடிக்கும். கடிச்ச உடனே ருசி தெரியாது, நைய மெல்லணும், அப்பத்தான் இனிப்பா கசப்பான்னு தெரியும்னு மாணாக்கமாருக்குச் சொல்லிக்கிட்டே இருப்பாரு. கண்ணும் வாயும் வந்தா மட்டும் பத்தாது, மனசும் புத்தகத்துக்கிட்ட வந்து சேரணும்பாரு. அவரு சாகும்போது அவரோட படிப்பைப் ‘பொய்ப் படிப்பு’ன்னு அரசாங்கம் தடை பண்ணியிருந்துச்சு.

பொறவு காலம் மாறுச்சு. மங்கோலியன் ஆண்ட யுவான் காலம், 1313. ராசா ஒரு உத்தரவு போட்டாரு. அரசாங்க உத்தியோகத்துக்குப் பரீட்சை எழுதணுமா, ஜூ ஷி எழுதுன உரையைத்தான் படிக்கணும். தீந்துச்சு சோலி. 1905-ல அந்தப் பரீட்சையை ஒழிச்சாக. நடுவுல எம்புட்டு? 592 வருசம். அவரு உரை எழுதுன கன்ஃபூசியஸ் வழி நூல்களுக்கு ‘நாலு நூல்’னு பேரு, சின்னப் பிள்ளையில இருந்தே அதை ஒப்பிப்பானுக. மூலம் மட்டுமே 50,000 எழுத்துக்கு மேல வரும். அதுக்கு மேல வாத்தியாரோட உரை. நான்கிங்குல ஒரு பரீட்சைக் கூடம், 20,000-க்கும் மேல அறை. அறையா அது? கோழிக்கூண்டு. ரெண்டு பலகை குடுப்பாக. பகல்ல ஒண்ணு மேசை, ஒண்ணு ஆசனம். ராத்திரி ரெண்டையும் சேத்துப் போட்டுச் சுருண்டுக்கிடணும். காலை நீட்ட எடம் கெடையாது. மெல்லுங்க, மெல்லுங்கன்னு தொண்டை காயக் கத்துன மனுசனோட உரையை அதுக்குள்ள உக்காந்து வாந்தி எடுத்துட்டு வருவானுக.

முழுங்க முடியாதவன் என்ன செஞ்சான்? சட்டைக்குள்ள எழுதிக்கிட்டான். எள்ளு எள்ளா, உடம்பு முழுக்க எழுத்து. அப்பேர்ப்பட்ட சட்டை இன்னைக்கும் அருங்காட்சியகத்துல தொங்குது. அவன்கூடப் பரவாயில்லன்னு எனக்குத் தோணும். அம்புட்டு எழுத்தையும் கையால எழுதியிருக்கானே, அந்த நேரத்துல நாலு வார்த்தையாவது மண்டையில ஏறியிருக்கும்.

‘தாத்தா, உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்’னு முழிக்க. நான் சிவகாசியில ஒரு அச்சாபீசுல முப்பத்திரண்டு வருசம் எழுத்துக் கோத்தவன்லே. ஈய எழுத்து. ஒவ்வொண்ணா எடுத்து, ஸ்டிக்குல தலைகீழா அடுக்கணும். ஒரு வார்த்தையைக்கூட முழுசா முழுங்க விடாது அது. ‘வாழ்க்கை’ன்னு கோக்கணும்னா வா தனி, ழ் தனி, க் தனி, கை தனி. கோத்துக்கிட்டே படிச்சதுதான் என் படிப்பெல்லாம். கையில கரி ஏறுன அளவுக்கு மண்டையிலயும் ஏறுச்சு.

அதுக்காக நான் முழுங்காதவன்னு நெனச்சுக்கிடாத. ஒரு தடவை முழுங்குனேன். கொட்டையோட.

காதுகுத்துப் பத்திரிகைக்குன்னு ஒரு பாரம் கட்டி வச்சிருப்போம். எல்லாப் பத்திரிகையும் ஒரே வாசகம்தான, பேரையும் தேதியையும் எடத்தையும் மாத்துனாப் போதும். வைகாசி மாசம், வேலை நெருக்கடி. ஒருத்தர் வந்து அவசரம்னாரு. பிள்ளை பேரை மாத்துனேன், தேதியை மாத்துனேன், மண்டபத்தை மாத்துனேன். புரூஃப் பாத்தேன். கண்ணு பாத்துச்சு, நான் பாக்கல. முந்நூறு பத்திரிகை அடிச்சு, மஞ்சள் தடவி, ஊர் பூராக் குடுத்தாச்சு. தாய்மாமன் பேர் மட்டும் முந்தின வீட்டுத் தாய்மாமன் பேரு.

விசேசத்தன்னைக்கு நெசமான தாய்மாமன் சீர்த்தட்டோட வந்து பந்தல் வாசல்ல நிக்காரு. வழியில வரும்போதுதான் பத்திரிகையைப் படிச்சிருக்காரு. ‘இதுல போட்டிருக்கவன் மடியிலயே பிள்ளையை உக்கார வச்சுக் காது குத்திக்கிடுங்க’ன்னு சொல்லிட்டு, தட்டோட திரும்பிட்டாரு. சமாதானம் பண்ணி மடியில உக்கார வைக்க மத்தியானம் மூணு மணி ஆச்சு. பிள்ளை தூங்கிப்போச்சு. எனக்கு அரை மாசச் சம்பளம் போச்சு. ஒத்தைப் பேரைத் தனியா எடுத்துப் பாக்காம, முழுப் பாரத்தையும் அப்படியே உள்ள விட்டேன்ல, அதுக்கு.

சீனத்துல ரொம்பக் காலம் மரப்பலகைதான். ஒரு பக்கத்தை முழுசா, எழுத்தை இடவலம் மாத்திச் செதுக்குவாக. அதுக்கு எந்த மரம் தோதுன்னா, பேரி மரமும் இலந்தை மரமும். நார் ஓடாம, எழுத்து பிசிறில்லாம வரும். புத்தகம் அடிச்சாருங்கிறதுக்குப் பேரியிலயும் இலந்தையிலயும் ஏத்துனாருன்னே சொல்லுவாக. அந்தச் சீடன் கதையில வந்த அதே ரெண்டு மரம், பாத்தியா! இதுல இன்னொரு நாலெழுத்துச் சொலவடை இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒண்ணுக்கும் உதவாத புத்தகத்தை அச்சடிச்சா அதைப் ‘பேரிக்கும் இலந்தைக்கும் வந்த கேடு’ம்பாக. எழுதுனவனுக்குக் கேடு இல்ல, படிச்சவனுக்கும் இல்ல. பாவப்பட்ட மரத்துக்கு. உன் ஸ்டேட்டசுக்கு மரம் வேண்டாம். அந்த மட்டுக்கும் மரம் பொழைச்சுது.

சிரிக்காத, இன்னொரு ஆளைக் காட்டுதேன். குரங்கு ராசா கதை தெரியும்ல, மேற்கே யாத்திரை போற கதை? அதுல பன்றி மூஞ்சியோட பாஜியேன்னு ஒரு சீடன் வாரான். வழியில ஒரு மடம். மடத்துல ஒரு மரம். அதுல பூ விட 3,000 வருசம், காய் பிடிக்க 3,000 வருசம், பழுக்க இன்னும் 3,000 வருசம். அம்புட்டுக்கும் சேத்து முப்பதே பழம். மோந்து பாத்தாலே 360 வருச ஆயுசு. குரங்கு அதுல மூணைத் திருடிட்டு வந்து ஆளுக்கு ஒண்ணு குடுக்கு. பாஜியே வாங்குனான், வாயில போட்டான், தொண்டையில வழுக்கிட்டுப் போயிருச்சு. பொறவு மத்த ரெண்டு பேரையும் பாத்துக் கேக்கான்: என்ன திங்கீங்க, ருசி எப்படி இருக்கு?

நீ புத்தகம் ‘கேக்குத’ல? காதுல மாட்டிக்கிட்டு, ரெண்டு மடங்கு வேகத்துல. பேசுதவன் வெந்நியில விழுந்த மாதிரிக் கத்திக்கிட்டுப் போறான். நானூறு பக்கம் பன்னெண்டு நிமிசத்துல சுருக்கமா வந்திருதாம். இந்த வருசம் அம்பது புத்தகம்னு போர்டு வேற எழுதி வச்சிருக்க. போன வாரம் முடிச்சியே ஒரு புத்தகம், அதுல என்ன இருந்துச்சுன்னு கேட்டேன். ‘செம புக் தாத்தா’ன்ன. பாஜியே தேவலை. ருசி எப்படின்னு கேக்கணும்னாவது அவனுக்குத் தோணுச்சு.

“அப்ப ஒவ்வொரு எழுத்தா மென்னுக்கிட்டே கெடக்கணுமா”ன்னு கேப்ப. அதுவும் வேண்டாம். அப்படி மெல்லுதவன் பல்லுலதான் எல்லாம் ஒட்டிக்கிட்டு நிக்கும், வயித்துக்குப் போகாது. தாவ் யுவான்மிங்னு ஒரு கவி, 427-ல காலமானவரு. உத்தியோகத்தை விட்டுட்டு ஊருக்கு வந்து வயல் பாத்தவரு. தன்னைப் பத்தியே வேற ஆள் மாதிரி எழுதி வச்சாரு. வாசல்ல அஞ்சு வில்லோ மரம் நிக்குத வீட்டுக்காரன்னு. அந்த ஆளுக்குப் படிக்கிறதுன்னா உசுரு. ஆனா சொல்லுக்குச் சொல் நோண்டி அர்த்தம் பாக்க மாட்டாராம். எங்கயாவது பொருள் பட்டுன்னு பிடிபட்டுட்டா சோத்தை மறந்துருவாராம். பொருள் பிடிபட்டதும் சோத்தை மறக்கிறவன் மெல்லாதவனா? அதையும் பிற்காலத்துல நாலெழுத்தா வெட்டி எடுத்தாக. சோத்தை மறந்த பாதியை விட்டுட்டாக. நோண்டிப் பாக்காத பாதியை மட்டும் வச்சுக்கிட்டு, இப்ப அதை அரைகுறையாப் படிக்கிறவனைத் திட்டுதுக்கு வச்சிருக்காக. அவரையும் முழுங்கியாச்சு.

உனக்கு ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். சீனத்துல கல்யாண மெத்தையில இலந்தையைப் போடுவாக. கூட வேர்க்கடலை, லாங்கன் பழம், தாமரை விதை. சாவ்ங்கிற சத்தத்துலயே ‘சீக்கிரம்’னு ஒரு சொல் இருக்கு, சீக்கிரம் பிள்ளை பொறக்கணும்னு வேண்டுதல். அதை எங்கயாவது நீ பாத்திருந்தா, ‘பேரீச்சம்பழம் சாப்பிட்டால் குழந்தை பிறக்கும், சீன மருத்துவம்’னு நாளைக்கு வெள்ளன போட்டிருப்ப. நூறு பேர் பாத்திருப்பான். பத்துப் பேர் வாங்கித் தின்னிருப்பான்.

சரி, அந்தப் போனை எடு இப்ப. எடுன்னா எடுலே, நாந்தான் சொல்லுதேன்ல. அந்த மலையும் மூங்கிலும் இருந்துட்டுப் போகட்டும். கும்புடுத கையும் இருக்கட்டும். ‘பேரீச்சம்பழம்’ங்கிறதை அடி. அடிச்சிட்டியா? ‘இலந்தைப்பழம்’னு போடு. இ, ல, ந், தை. ஒவ்வொரு எழுத்தாப் பாத்துப் போடு. போட்டுட்டு எங்கிட்டக் காட்டு, புரூஃப் பாத்துத் தாரேன்.